ஆனைமுடக்கில் யாரும் இறங்கவில்லை

மலைரோட்டின் செங்குத்து வளைவு, ஆனைமுடக்கு, வந்ததும் பின்சீட்டில் கதவுப் பிடியைத் தேடும் சத்தம் கேட்டது.

ஓட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் கண்ணாடியில் பார்த்தாள். அழகம்மாள். மூட்டு ஆபரேஷன் முடிந்து இன்றுதான் ஊர் திரும்புகிறாள். கட்டுப்போட்ட காலைச் சீட்டு நீளத்துக்கு நீட்டி வைத்திருந்தாள். அந்தக் காலோடும் கை தன்போக்கில் கதவுக்குப் போய்விட்டது.

பழக்கம்.

ஆனைமுடக்கில் வேலுத்தாயின் கார் ஆளோடு ஏறாது. மலை முழுக்கத் தெரிந்த விஷயம். எண்ணூறு சிசி. முடக்கு வந்தால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். அவள் மட்டும் ஓட்டிக்கொண்டு போய் மேலே நிற்பாள். இளைக்க இளைக்க நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள்.

பிறகு சவாரிகள் ஒவ்வொருவராக ராஜாங்கத்தின் ஜீப்புக்குப் போய்விட்டார்கள்.

இன்று ஜீப்பில் காலை நீட்ட இடமில்லை என்று ராஜாங்கம் சொல்லிவிட்டான். அதனால்தான் அழகம்மாள் இதில் வந்தாள்.

"உக்காருங்க மதினி" என்றாள் வேலுத்தாய்.

முன்சீட்டில் இருந்த அழகம்மாளின் புருஷன் சுருளி தலைக்குமேல் இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடி மாதம் அவள் காரில் டர்போ மாட்டிக்கொண்டு முதல் தடவை வந்தபோது இதே முடக்கில்தான் பிஸ்டன் பொத்துப்போனது. புகை மண்டிக்கொண்டு கார் நின்றதை ஊரே பார்த்தது. ராஜாங்கம் ஜீப்பில் கயிறு கட்டி மேலே இழுத்துப் போனான். கூலி வாங்கவில்லை. டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தே கழித்துக்கொண்டான்.

"தையல் மிஷின்ல ராக்கெட்டக் கட்டுனா ஏறுமாய்யா?"

அவள் மறுபடியும் எஞ்சினை இறக்கினாள்.

"விட்ருங்கக்கா" என்றார் வத்தலக்குண்டுப் பட்டறை மொய்தீன். "இந்த எஞ்சின் அதுக்குப் பொறந்ததில்ல."

"எதுக்குப் பொறந்துச்சுன்னு அதுகிட்ட கேட்டீகளா?"

மொய்தீன் ஸ்பேனரை எடுத்தார்.

டர்போ, உடைப்புக்கு வந்த ஒரு டீசல் காரில் கழற்றியது. எஞ்சின் விடும் புகையிலேயே சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள்ளேயே திணிக்கும் சின்னச் சக்கரம். முதல் தடவை காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. உள்ளே வெந்துபோனது. இந்தத் தடவை பெட்ரோலையும் கூட்டினார்கள். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தார்கள்.

பாதியில் ஏறுமா என்று மொய்தீன் கேட்டார்.

ஏறணும் என்றாள்.

இப்போது இரண்டாம் கியர். முடக்கின் வாயில் கார் மூக்கைத் தூக்கியது. பானட்டுக்குள் மெல்லிய விசில் எழுந்தது. அழுத்தம் காட்டும் ஊசி நகர்ந்தது. சீட்டு முதுகைத் தள்ளியது.

சுருளி பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

அப்போதுதான் முன்னால் ஜீப் நின்றது.

ராஜாங்கம். முடக்கின் நடு ஏற்றத்தில். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவுமில்லை. பக்கக் கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது.

அவளுக்குப் புரிந்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் டர்போவுக்கு உயிர். நின்ற வண்டியில் அது வெறும் இரும்பு. அவன் ஓட்டுவதும் டர்போ வண்டிதான். அவனுக்குத் தெரியும்.

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். ஹாரன் அடிக்கவில்லை.

"நான் எறங்கிக்கிறேன் வேலு. மெல்ல நடந்துருவேன்" என்றாள் அழகம்மாள்.

வேலுத்தாய் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

கிளட்ச்சை ஒரு நூல் விட்டாள். கார் முக்கியது. கருகல் வாடை வந்தது. ஊசி அசையவில்லை.

இன்னும் மிதித்தாள்.

ஊசி துடித்தது. விழுந்தது. மறுபடி துடித்தது.

ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள்.

கார் ஒரு சாண் பின்னால் சரிந்தது. சுருளி கண்ணை மூடிக்கொண்டார். முன்சக்கரம் சரளையைச் சீய்த்து எறிந்தது. பிறகு பிடித்தது.

ஜீப்புக்கும் பாறைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. பெரிய காருக்குப் போதாது.

அவள் அதில் நுழைந்தாள்.

ராஜாங்கத்தின் முகம் ஜன்னலில் வந்து போனது. அவள் திரும்பவில்லை. விசில் ஏறிக்கொண்டே போனது. முடக்கு முடிந்து, ரோடு சமதளமாகி, சர்ச் தெரிந்து, ஊர் வரும்வரை அவள் காலை எடுக்கவில்லை.

ஸ்டாண்டில் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

சுருளி மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினார். "நடக்காம வந்துட்டேன்" என்றாள் அழகம்மாள், யாரிடமோ.

வேலுத்தாய் காரின் முன்னால் வந்தாள். அடியில் பார்த்தாள்.

எண்ணெய். சொட்டுச் சொட்டாக.

கீழே ஜீப் சத்தம் கேட்டது. அவள் பம்பரை ஒட்டி நின்றுகொண்டாள். வெறுங்காலைச் சொட்டுக்கு அடியில் நகர்த்தினாள். சேலை அதை மறைத்தது.

ராஜாங்கம் இறங்கி வந்தான். காரைச் சுற்றினான். பானட்டின்மேல் கை வைத்து, சூடு தாளாமல் எடுத்தான்.

"தொற. பாப்போம்."

"இன்னைக்கு இல்ல."

"என்னத்தப் போட்ட உள்ள?"

"பெட்ரோலு."

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அவளைப் பார்த்து இல்லை.

பாதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கொதித்தது. இன்னொன்றும் விழுந்தது.

அவள் காலை எடுக்கவில்லை. அவனைத் தாண்டி, ஸ்டாண்டில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"காலைல மொத வண்டி என்னோடது" என்றாள். "வர்றவுக வாங்க."