ஆளில்லாப் படகுக்கு மந்திரிப்பு

கடியப்பட்டணம் கரையில் விரித்த சிவப்புக் கம்பளத்தின் மேல் காற்று மணலை வாரிக் கொட்டுகிறது. பெருக்குவதற்கென்றே இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார்கள். கம்பளத்தின் முனையில், தண்ணீரை ஒட்டி, மாலை சுமந்து மினுங்குகிறது கடற்படையின் ஆளில்லாப் படகு. தானே ஓடுமாம், தானே எதிரியைத் தேடுமாம், இருட்டில் மிதக்கும் தேங்காய்கூட அதன் கண்ணுக்குத் தப்பாதாம். அதிகாரி மைக்கில் சொல்லச் சொல்ல நாற்காலிக்காரர்கள் கைதட்டுகிறார்கள். ஊர்க்காரர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நிற்கும் டெல்பின் தட்டவில்லை. மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் கிளீட்டஸின் வள்ளம் நேற்றே கரை சேர்ந்திருக்க வேண்டும். மைக்கை விட்டு வரும் அதிகாரியை மறித்து, "சாரே, தேங்கா தெரியும்னா எங்க வள்ளமும் தெரியும்லா? ஒருக்கா தேட அனுப்புங்க சாரே," என்கிறாள். "அதுக்கு மேலிடத்து உத்தரவு வேணும்மா. இன்னைக்கு விழாவுக்கு மட்டுந்தான் அனுமதி." பக்கத்தில் நிற்கும் மீன்காரி ரஸீனா முணுமுணுக்கிறாள்: "படகுக்கு மூளை இருக்காம் மக்கா, மூளைக்கு உத்தரவு வேணுமாம்."

புதுப் படகென்றால் இந்தக் கரையில் மந்திரிப்பு உண்டு. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து, வாய்ப்பழக்கத்தில், எல்லா வள்ளத்துக்கும் சொல்லும் செபத்தையே சொல்கிறார்: "இதில் ஏறிப் போகிறவர்கள் பத்திரமாய்க் கரை திரும்பட்டும்." நாற்காலிகளில் சிரிப்பு எழுகிறது. "ஃபாதர், இதுல யாருமே ஏற மாட்டாங்க," என்கிறார் அதிகாரி. சாமியாரும் அசடு வழியச் சிரிக்கிறார். கயிற்றுக்கு இப்பாலிருந்து டெல்பின் மட்டும் உரக்கச் சொல்கிறாள்: "ஆமென்."

படகு அலையைத் தாண்டி, பக்கத்து மிதவையை ஒரு சுற்றுச் சுற்றி, மாலை நனையாமல் திரும்புகிறது. பத்திரமாய்க் கரை சேர்ந்ததற்காக எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.