சொல்லித் தராத பதம்

"அக்கா, இந்த மாசத்தோட நான் நின்னுக்கிறேன். அச்சரப்பாக்கத்துல தனியா பொடிக் கடை போடப் போறேன்."

மூன்று நாட்களாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைத் துர்காதேவி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பாக்கெட்டுகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த வசுமதி நிமிர்ந்து பார்த்தாள். திருக்கழுக்குன்றத்தில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு அவள் அரைக்கிற சாம்பார்ப் பொடியும் குழம்புப் பொடியும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை மளிகைக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் போகின்றன. நான்கு வருடங்களுக்கு முன் அங்கே பொடி சலிக்கும் வேலைக்கு வந்தவள் துர்கா. இப்போது அவள் கை படாமல் ஒரு மூட்டையும் வெளியே போவதில்லை.

"வூட்ல பேசிட்டியா?"

"அவருதான்க்கா சொல்றாரு. கம்பெனியில காண்ட்ராக்ட் முடிஞ்சி மூணு மாசமா வூட்லதான் கீறாரு. கட கடையா போட்டுட்டு வர்றத அவரு பாத்துக்குவாரு."

வசுமதி கத்துவாள் என்றுதான் துர்கா எதிர்பார்த்தாள். வசுமதி கத்தவில்லை. லேபிள் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"லைசென்ஸு?"

"ஆன்லைன்ல போட்டுட்டேன். உனக்குப் புதுப்பிச்சப்போ காட்டிக் குடுத்தியே, அதே மாதிரி."

"மொளகா எப்டி வாங்குவ?"

"மூட்டையப் பிரிச்சி, காம்ப ஒடிச்சிப் பாத்துதான். படக்குன்னு சத்தம் வரணும். ஈரம் இருந்தா வேணாம்னுடுவேன்."

"கடக்காரன் மொத தடவையே நூறு பாக்கெட்டு போடுன்னா?"

"இருபதுதான் போடுவேன். அது வித்தாதான் அடுத்தது. கடையில தங்கிப்போன பொடி நம்ம பேரக் கெடுத்துடும்."

வசுமதி தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

"எல்லாந்தான் தெரிஞ்சிகினியே. அப்புறம் இன்னா, மூஞ்சி இப்டி கீது?"

துர்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"எங்கக்கா எல்லாம் தெரிஞ்சிகினேன்? பதம் தெரியாதே! கொத்தமல்லிய எப்ப எறக்கணும், வெந்தயம் எவ்ளோ செவக்கணும்னு ஒரு வாட்டியாவது வாயத் தொறந்து சொல்லிருப்பியா? கேட்டா, 'நீயே மோந்து பாரு, நீயே வாயில போட்டுப் பாரு'ம்ப. நாலு வருஷமா டெஸ்ட்டு வெச்சிகினே கீறே!"

"துர்கா..."

"போன ஆடியில மல்லி கருகுற வாசன வாசல் வரைக்கும் வந்துச்சி. நீ அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னு போன் பேசிகினு இருந்த. நான் ஓடியாந்து எறக்குறேனான்னு பாத்துகினுதானே இருந்த? லைசென்ஸு, கடை, மூட்டை எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு, உசுரு எதுல கீதோ அத மட்டும் ஒளிச்சி வெச்சிட்ட. தனியா போய்டுவேன்னு பயம்."

துர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வூட்டுக்காரருக்கு வேல இல்ல. இந்தக் கடைய நம்பித்தான் ரெண்டு புள்ளைங்க கீதுங்க. மொத பாக்கெட்டு நல்லா இல்லன்னா யாரும் ரெண்டாவது பாக்கெட்டு வாங்க மாட்டாங்க. அந்தப் பதத்த மட்டும் எழுதிக் குடுத்துடுக்கா. உன் கடைங்க பக்கமே வர மாட்டேன்."

வசுமதி லேபிள் கட்டை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எழுதிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல துர்கா."

"சரி. இல்லன்னே வெச்சிக்கோ."

துர்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வசுமதி அவசரமாக எழுந்து, காலையில் மற்றப் பெண்கள் அரைத்து வைத்திருந்த குழம்புப் பொடியில் ஒரு ஸ்பூன் அள்ளி நீட்டினாள்.

"இது மாமல்லபுரம் ஓட்டலுக்கு சாயந்தரம் போவணும். எப்டி கீதுன்னு சொல்லிட்டுப் போ."

"இன்னிக்குமா டெஸ்ட்டு?"

எரிச்சலாக இருந்தாலும் துர்காவால் சும்மா போக முடியவில்லை. முகர்ந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

"வெந்தயம் தீஞ்சிபோச்சி. ஒரே கசப்பு. இத அனுப்பாத."

வசுமதி உடனே பத்துக் கிலோப் பொடியையும் டப்பாவோடு இழுத்துக் குப்பைக் கூடை பக்கம் வைத்தாள். அது துர்காவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நான் சொன்னா அப்டியே கொட்டிடுவியா? நீ ஒரு வாட்டி வாயில போட்டுப் பாத்தா இன்னா? உனக்கே தெரியும்ல!"

வசுமதி அந்த ஸ்பூனில் இருந்த பொடி மொத்தத்தையும் வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். எதையோ தேடுகிறவள் போல ஒரு நிமிடம் கண்ணை மூடியிருந்தாள். முகம் துளிகூட மாறவில்லை.

"காரம் மட்டும் சுள்ளுன்னு கீது. மத்தபடி மண்ணுதான்" என்றாள். "நீ வேலைக்கு வர்றதுக்கு முந்தின மாசம் ஒரு ஜொரம் வந்துது. அதுலேர்ந்து எனக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. வெளிய தெரிஞ்சா எவன் பொடி வாங்குவான்னு யார்கிட்டயும் சொல்லல. நான் எங்க டெஸ்ட்டு வெச்சேன் துர்கா? தெரியாமத்தான்டி நாலு வருஷமா உன்னக் கேட்டுகினு இருந்தேன்."