அடுத்த கோடையில் வா

பனிமலை உச்சியில், பாறை இடுக்கில் ஒரு மலைச்சாமந்தி இருந்தது. குளிர்காலத்தில் பூவும் இலையும் கருகிவிடும், வேர் மட்டும் பனிக்கடியில் தூங்கும். கோடை வந்ததும் மறுபடி பூத்து நிற்கும்.

அந்தக் கோடை முழுக்க ஒரு வண்டு அடிவாரத்துச் சங்கதிகளைக் கொண்டுவந்து சொல்லி, சாமந்தியைச் சிரிக்க வைத்தது. கோடை முடியும் சமயம் அது நனைந்த இறக்கையோடு தள்ளாடி வந்தது.

"அக்கா, மழையில கூடு போயிடுச்சு. இன்னிக்கு மட்டும் உன் இதழுக்குள்ள படுத்துக்கட்டுமா?"

சாமந்திக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. "ஈரத்தோட வந்து என்னையும் ஏன் நடுங்க வைக்கிற? அடுத்த கோடையில வா, ஆற அமரப் பேசலாம்."

எல்லோரும் தன்னைப்போலக் குளிர்காலத்தில் தூங்கிக் கோடையில் எழுவார்கள் என்றே அது நினைத்தது.

"அடுத்த கோடையா..." என்ற வண்டு, தள்ளாடியபடியே போய்விட்டது.

பனி உருகியது. சாமந்தி பூத்ததும் ஒரு வண்டு வந்தது.

"வாடி தங்கச்சி! உனக்காகத்தான் காத்திருந்தேன்."

"நீங்க யாருன்னு தெரியலையே. நான் இந்தக் கோடையிலதான் பொறந்தேன்."

"போன கோடையில வந்தவ எங்கே?"

"அவங்க யாரும் இப்ப இல்லீங்க. எங்களுக்கு ஒரு கோடைதான்."

சாமந்தி தன் இதழ்களை அகல விரித்தது. பொழுது சாய்ந்ததும், "குளிருமே, உள்ள வந்து படுத்துக்கோயேன்" என்று கெஞ்சியது.

"எனக்குக் குளிரலீங்க" என்று வண்டு தன் கூட்டுக்குப் பறந்துபோனது.

சாமந்தி குளிர்காலப் பனியில் விறைத்துப்போகும்வரை இதழ்களை விரித்தே வைத்திருந்தது.