இளைஞர் மையத்துக்குக் கூட்டம் சேர்த்த கதை

அரசு இளைஞர் மையத்தின் பொறுப்பாளர் காலையிலிருந்தே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். புது மேலதிகாரி அம்மா பார்வையிட வருகிறார். மையம் காலியாகக் கிடந்தால், பூட்டு அதற்கும் இவர் வேலைக்கும் சேர்த்துத்தான். திறந்த நாள் முதல் அங்கிருந்த கேரம் பலகையில் ஓடியாடியவை பல்லிகள் மட்டுமே.

நல்லவேளை, சொந்தபந்தம் அதிகம். மருந்துக்கடைத் தம்பி, பஸ் ஓட்டுகிற மருமகன், கூரியர் கம்பெனிச் சித்தப்பா மகன் என்று எல்லாரும் அரைநாள் லீவு போட்டு வந்தார்கள். கேரமுக்கு ஓர் ஆள் குறைந்தது. மனைவியின் தம்பியைப் பிடித்து இழுத்து வந்தார்.

"அத்தான், எனக்கு நாப்பத்தஞ்சு வயசு!"

"மீசைக்கு மை அடிச்சா இருபத்தஞ்சு. உக்காரு மச்சான்."

"ஆபீஸைப் பூட்டிட்டு வந்திருக்கேன். என் பொழப்பு போயிடும்."

"உன் ஆபீஸை எவன் எட்டிப் பாக்குறான்?"

அதிகாரி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"பட்டப்பகல்ல இத்தனை பேர் சும்மா உக்காந்திருக்காங்க! இவங்களுக்கு வேலை தேடிக் குடுக்கத்தானே இந்த மையம்?"

எல்லாருக்கும் வேலை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதிகாரி நிறுத்தவில்லை.

"வர்ற வழியில அடுத்த மையத்தையும் பாத்தேன். ஈ காக்கா இல்ல. பசங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க போல. பொறுப்பாளர்கூட வெளிய அலைஞ்சுட்டிருக்கார். மையம்னா அது! உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, இதையும் அவர்கிட்டயே குடுத்துடறேன்."

பொறுப்பாளர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மையத்தின் பொறுப்பாளர், மீசை மை வியர்வையில் வழிய, தலை நிமிராமல் சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளினார்.