பொந்து நிறையக் கொட்டை

காட்டில் கூடு கட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தூக்கணாங்குருவி நடத்திவந்தது. சேர வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டையை வாசல் மரப்பொந்தில் போடுவது காக்கையின் வேலை. போன வருஷத்தைவிட ஒரு கொட்டையாவது கூடினால்தான் சிங்கராஜாவுக்குத் தூக்கம் வரும்.

இந்த முறை மழை முந்திக்கொண்டது. காக்கையின் கூடு ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது, உள்ளே முட்டைகள். இருப்புக்கொள்ளாமல் காக்கை பறந்தது. பொந்து நிறையக் கொட்டை கிடக்கிறது, கட்டத் தெரிந்த ஒருத்தர் கிடைக்காமலா போவார்?

முதலில் அணிலைக் கேட்டது.

"சேர்ந்தேன் அக்கா. மறுநாளே நின்னுட்டேன்" என்றது அணில்.

காக்கை குரங்கைத் தேடிப் பறந்தது.

"நான் வருஷா வருஷம் சேருவேனே. ஒவ்வொரு தடவையும் நீதானே கொட்டை போட்டே" என்று குரங்கு பல்லைக் காட்டியது.

வானம் உறுமியது. காக்கை மூச்சு வாங்கப் பள்ளிக்கே போய் நின்றது. குருவி தன் கூட்டை அவசர அவசரமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது.

"கத்துக்கிட்டுப் போனவங்க ஒருத்தரையாவது சொல்லு தாயி, முட்டை நனைஞ்சிடும்."

"வந்தவங்களைத்தானே அக்கா எண்ணினோம். கத்துக்கிட்டுப் போனவங்களை யார் எண்ணச் சொன்னாங்க?"

"கடைசியா சேர்ந்தது யாரு? அவங்களுக்காவது கொஞ்சம் நினைவிருக்குமே."

குருவி அலகிலிருந்த நாரைக் காலுக்கு மாற்றிக்கொண்டது.

"நீதான். ஒண்ணு குறையுதுன்னு உனக்கும் ஒரு கொட்டை போட்டுக்கிட்டியே."