ஞாபகத்தில் நிற்கிற பெயர்

"பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்களுக்கு மறந்துபோச்சாம்!" என்று சிரித்துக்கொண்டே செல்போனைச் சட்டைப்பையில் போட்டார் சோபா கடைக்காரர்.

இணையதளம் வடிவமைக்கும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து எத்தனை பெயர்!

கடைக்காரரின் கூட்டாளி தனிக்கடை போட்டுக்கொண்டு போனபோது, தன் பெயரில் பதிந்து வைத்திருந்த வெப்சைட் முகவரியையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். கடையின் பக்கங்களைப் புது முகவரிக்கு மாற்ற இன்று மாலைதான் கெடு. தவறினால் நாளை முதல் பழைய முகவரியில் சோபா தேடி வருகிறவர்கள் எல்லாரும் அவன் வாசலில்தான் நிற்பார்கள்.

பெயர் தேர்ந்தெடுக்க அவளிடம் சொந்தமாக ஒரு சோதனை உண்டு.

"யாருக்காவது போன் போட்டுப் பேரைச் சொல்லுங்க சார். அரை மணி கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டு என்ன பேருன்னு கேளுங்க. டக்குனு சொன்னாங்கன்னா அதுதான் பேரு!"

அதில் தேறிய பெயர் எதுவும் இதுவரை சோடை போனதில்லை. அவர் யாருக்குப் போன் போடுகிறார் என்று அவள் கேட்கவும் இல்லை. யாராயிருந்தால் என்ன?

ஆனால் இன்று ஒன்றுகூடத் தேறவில்லை.

"'மெத்துமெத்து'வை எப்படி சார் மறப்பாங்க? பச்சைக்குழந்தைகூட மறக்காதே!"

"மறந்துட்டாங்களே!" என்று கையை விரித்தார். முகத்தில் கவலையின் சுவடே இல்லை.

"வேற யாருக்காவது போட்டுப் பாருங்க."

"ம்ஹூம். அவங்களைக் கேக்காம நான் எதையும் பண்றதா இல்லை. ஒரு தடவை பண்ணிப் பட்டது போதும். நீங்க அடுத்த பேரைச் சொல்லுங்கம்மா."

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்சநேரம் கண்ணை மூடி யோசித்தாள்.

"'சாஞ்சுக்கோ'! இதையும் மறந்தாங்கன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன் சார்."

அவர் உற்சாகமாகப் பால்கனிக்குப் போனார். ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேசினார், தலையாட்டினார், கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவிச் சிரித்தார். அரை மணி கழித்து மறுபடி போனார். இந்தத் தடவை இன்னும் நேரம் பிடித்தது.

திரும்பி வந்தவர் பரீட்சையில் பாஸான பையனைப் போல அறிவித்தார்: "இதுவும் மறந்துபோச்சாம்!"

அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"சார், பொழுது போயிட்டிருக்கு. உங்க பொழைப்பு சார் இது! அந்த மறதிக்காரங்களை நம்பிக் கடையைக் கோட்டை விட்டுடாதீங்க."

"சரி, இந்த 'சாஞ்சுக்கோ'வையே பதிஞ்சுடுங்க."

"அதான் அவங்களுக்கு ஞாபகத்துல நிக்கலையே!"

"யாருக்கு, அவளுக்கா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் கண் கலங்கிவிட்டது.

"கல்யாணமான புதுசுல அவ அண்ணனைப் பத்தி நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னிக்கு வரைக்கும் மறக்காதவம்மா என் பொண்டாட்டி! கூட்டாளியை நம்பாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டா. நான் கேக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனவ, இத்தனை நாளா என் போனையே எடுக்கலை. இன்னிக்கு என்னடான்னா, 'மறந்துபோச்சு, அடுத்த பேரு கிடைச்சதும் கூப்பிடுங்க'ன்னு அவளே சொல்றா. இதைப் பதிஞ்சுட்டுச் சீக்கிரமா எனக்கு இன்னொரு பேரு சொல்லுங்கம்மா!"