நடுவர் மணி

"கடவுள் இருக்கார்டி!" என்று மேஜையைத் தட்டினார் சைக்கிள் கடைக்காரர்.

"கிடையவே கிடையாது," என்றாள் மனைவி.

ஞாயிறு சாப்பாடு முடிந்தால் வீட்டில் இந்தப் பட்டிமன்றம்தான். வழக்கமாக மகள்தான் நடுவர், ஜெயித்தவருக்குப் பழைய சைக்கிள் மணியை அடிப்பாள். இன்று என்னவோ இருவரும் கட்சி மாறியிருந்தார்கள்.

"இருபது வருஷமா இல்லைன்னு சாதிச்சீங்களே, இப்ப என்ன வந்துச்சு?"

"நீ மட்டும்? சாமி சாமின்னு உருகினவதானே?"

"உருகினேன். ஆஸ்பத்திரி வாசல்ல நாப்பது நாள் கெஞ்சினேன். இருந்தா காதுல விழுந்திருக்காதா?"

அவர் மகளின் காலி நாற்காலியைப் பார்த்தார். "சாமி இல்லைன்னா, இருட்டுக்குப் பயப்படற நம்ம பொண்ணு இப்ப யார்கூட இருப்பா?"

"நீங்களே ஜெயிச்சதா இருக்கட்டுங்க," என்று மனைவியே மணியை எடுத்து அடித்தாள்.